ஆறாவது ஆணி

கார்வர் ஃபால்ஸ் கல்லூரி அரங்கச் சுவரில்
ஐந்து பதாகைகள். ஆறு ஆணிகள்.

தொண்ணூற்றாறில் கடைசிப் பதினாறு அணிகளுக்குள் வந்தோம்.
யாரோ கார்னெல் பிக்கெட்டுக்குக்
கார் வாங்கிக் கொடுத்தது பிறகு தெரிந்தது.
கமிட்டி கூடி
அந்த வெற்றிகள் நடக்கவேயில்லை என்றது.
தோல்வியை மட்டும்
எங்களிடமே விட்டுவைத்தார்கள்.

நான் ஆடியது நான்கு நிமிடம்.
ஒரே புள்ளி, ஃப்ரீ த்ரோவில்;
பந்து வளையத்தில் இருமுறை யோசித்து
உள்ளே விழுந்தது.
அதுவும் போயிற்று.

அன்று ஒடிந்த சுண்டுவிரல்
சரியாகக் கூடவில்லை.
அயோவாவின் பனிச்சாலையில்
லாரியின் ஸ்டியரிங்கைப் பற்றும்போது
அது மட்டும் மடங்க மறுக்கும்.
அதை ரத்து செய்து
கடிதம் ஏதும் வரவில்லை.

அந்தக் காரில் ஒருமுறை
கார்னெல் என்னையும் ஏற்றிப் போனான்.
ஹீட்டர் வேலை செய்யவில்லை.