சாணமும் புழுக்கையும்

பேக்கர் ஆற்றுக்கு மேலே, லெங்கா மரங்கள்
பனியின் கனத்தில் குனிந்தே வளர்ந்த சரிவில்
ஒரு காகித உறையில் பதினேழு புழுக்கை,
இன்னொன்றில் ஒரு கரண்டி சாணம்.
தேதி, உயரம், காற்று வந்த பக்கம்
எல்லாம் பென்சிலால்.
பேனா மை இந்தக் குளிரில் எழுதாது.

ரொட்டி சுட்ட அடுப்பின் மிச்சச் சூட்டில்
இரண்டையும் உலர்த்துகிறேன்.
ஒனோஃப்ரே மூக்கைச் சுளித்துக்கொண்டே
மாத்தே உறிஞ்சுகிறான்.

"மான் என்ன தின்னுது?"
"நிர்ரே தளிர், பூண்டு வகை, கொஞ்சம் புல்."
"மாடு?"
"புல். பஞ்சம் வந்தால் நிர்ரே தளிர்."
"ரெண்டும் ஒண்ணா தின்கிறது கொஞ்சம்தானே?"
கொஞ்சம்தான்.
நுண்ணோக்கியின் கீழே இலைத்தோல் துணுக்குகளை எண்ணினால்
நூற்றுக்கு இருபத்திரண்டு.
"அப்புறம் என்ன சண்டை?" என்கிறான்.

அவனுடைய நான்கு மாடுகள்
ஆறு குளிர்காலமாக மேலேயே இருக்கின்றன.
இறக்கிவரப் போய்
மூன்று முறை வெறுங்கயிற்றோடு திரும்பினான்.
இப்போது அவை யாருடையவையும் அல்லவாம்.
கறி விலை ஏறும் வாரங்களில் மட்டும்
அவனுடையவை.

சண்டை இல்லை.
அதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கேமராவில் இருந்தது இவ்வளவுதான்:
மார்ச் முழுக்க அந்தச் சதுப்பில்
உவேமுல் பிணை ஒன்று, பின்னால் அதன் மறி.
ஏப்ரல் ஒன்பதாம் தேதி ஒரு செவலைக் காளை வந்து
கேமராவை நக்கிற்று.
முட்டவில்லை. விரட்டவில்லை.
நின்றது, மேய்ந்தது, படுத்து அசைபோட்டது.
பிணை ஒரு காதை மட்டும் திருப்பி
பன்னிரண்டு நொடி பார்த்துவிட்டு
மறியோடு மேலே ஏறிப் போனது.
மேலே பாறை.
பாறைக்கு மேலே பனி.
மே மாதப் படங்கள் எல்லாவற்றிலும் காளைதான்,
ஒன்றில் அதன் மூக்குத்துளை மட்டும்.

அலுவலகம் அனுப்பிய படிவத்தில் ஒரு கட்டம்:
போட்டி உண்டு, இல்லை.
ஒரே தட்டில் இரண்டு கை விழுந்தால் போட்டி.
ஒருவர் வந்து உட்கார்ந்ததும்
இன்னொருவர் பசியில்லை என்று எழுந்துபோனால்
அதை எந்தக் கட்டத்தில் போடுவது?

படத்தை அவனிடம் காட்டினேன்.
"காதில் நம்ம வெட்டு இல்லையே" என்றான்.
இல்லை. மேலேயே பிறந்தது.
"நெற்றியைப் பார்."
பார்த்தான்.
தொலைந்த கிடேரிக்கு இருந்த அதே வெள்ளைச் சுழி.

ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தான்.
பழைய முடிச்சொன்றை நகத்தால் நெம்பி அவிழ்த்தான்.
"பனி விடட்டும்" என்று
திரும்ப மாட்டினான்.

அடுப்புக்குள் இரண்டு உறைகளும் காய்ந்துவிட்டன.
கட்டம் காலியாக இருக்கிறது.
பனி விட அக்டோபர் ஆகும்.