இப்படி ஒரு நூல் இல்லை

வெள்ளிக்கிழமை பாலக்காட்டிலிருந்து வந்து இறங்கியது
ஒரு ஸ்கேனர், ஆறு சுருள் ஒட்டுத்தாள்.
வேலந்தாவளம் வாயனசாலையில்
நாலாயிரத்துச் சொச்சம் புத்தகம்:
தமிழ் இடது பக்கம், மலையாளம் வலது பக்கம்,
கரையான் இரண்டு பக்கமும்.

"பின்னட்டை, மேல் மூலை, ரெண்டு விரல் அகலம் விட்டு.
எல்லாத்துக்கும் ஒரே ஸ்தலம் மதி, திலகமணி"
என்றார் செயலாளர் சுகதன்.
அவர் விரலும் என் விரலும் ஒரே அகலமில்லை என்பது
முந்நூறு ஒட்டிய பிறகு தெரிந்தது.

எண்ணெய்ப் பிசுக்கில் சில ஒட்டவில்லை.
சமையல் புத்தகங்கள்தான் அதிகம்.

கள்ளிறக்கும் ஆறுச்சாமியின் மகன்
பிஸ்கட் பொட்டலத்தைச் சிவப்பு வெளிச்சத்தில் காட்டினான்.
'கீ' என்றது. திரையில்,
இப்படி ஒரு நூல் இல்லை.
சோப்புத்தூள், இருமல் மருந்து,
அவன் அக்காளின் மருதாணிக் கூம்பு.
இல்லை. இல்லை. இல்லை.
விழுந்து விழுந்து சிரித்தான்.

கோழி லாரியை நிறுத்தி எண்ணுகிற ஊர் இது.
வெளிச்சம் அடித்துப் பார்த்தால் அது சோதனைதான்.
சாயங்காலத்துக்குள் டீக்கடையில் பேச்சு:
"மெஷினு வந்திருச்சாம்.
யாரு ஊட்ல எந்தப் புக்கு இருக்குதுன்னு
கோட்டப் பாத்தே சொல்லிருமாம்."
யாரும் மறுக்கவில்லை.
நானும்தான்.

திங்கட்கிழமை ஷட்டரடியில் ஓர் உரச்சாக்கு.
உள்ளே பதினொரு புத்தகம்.
ஒன்றில் இரண்டு ரூபாய் பஸ் டிக்கெட்.
ஒன்றில் கொலைகாரன் பெயரை
இருபதாம் பக்கத்திலேயே பென்சிலில் எழுதியிருந்தார்கள்.
பதிவேட்டை எடுத்தேன்.
'காணவில்லை' என்பதற்குச் சிவப்பு மை உண்டு.
'வந்துவிட்டது' என்பதற்கு
எனக்கு முன்னால் இருந்தவர்கள் யாரும்
ஒரு மை வைத்துவிட்டுப் போகவில்லை.

பதினோராவது எங்களுடையது அல்ல.
தென்னை நோய்கள் பற்றிய மெலிந்த புத்தகம்,
சாவடி ஊர்ப்புற நூலகத்தின் ஊதா முத்திரை.
எல்லை தாண்டி நான்காவது நிறுத்தம்.

"ஒட்டிக்கோ. ஆரு நோக்கும்?"
4218 என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.
தென்னையைப் பார்த்தேன், விரலைப் பார்த்தேன்,
ஒரு மணி பஸ்ஸுக்கு ஓடினேன்.

சோதனைச்சாவடியில் காக்கி ஒன்று பையைத் திறந்தது.
டிபன் டப்பா, குடை, புத்தகம்.
"இதுக்கு பில் இருக்கா?"
முத்திரையைக் காட்டினேன்.
இரண்டு பக்கம் புரட்டி,
"எங்க வீட்டு மரத்துலயும் இந்தக் குருத்தழுகல்தான்" என்றவர்
மருந்தின் பெயரைக் கையில் எழுதிக்கொள்ளும் வரை
பஸ் நின்றது.

சாவடியில் வாங்கிவைத்தவளுக்கு
ஆச்சரியம் ஒன்றுமில்லை.
"சாக்குலயா வந்துச்சு?" என்றாள்.
"எங்களுக்கு இன்னும் மெஷின் வரல."

திரும்பும்போது விரல் வெறுமையாக இருந்தது.
கம்பியிலா, பில் கேட்டவர் சட்டையிலா,
யார் குடத்தின் அடியிலா, தெரியாது.
கணினி அதை முன்பே எண்ணிக்கொண்டுவிட்டது.
4218-க்கு எதிரே ஒரு வெற்றுக் கட்டம் மின்னுகிறது.

சிவப்பு மையைத் திறந்தேன்.
மூடிவிட்டு
4219-ஐ உரித்தேன்.