அரைக் கோப்பை

எங்கட வீட்டில சுடுதண்ணிப் போத்தல் ஒண்டுதான்.
சிவப்பு. வயித்தில ரெண்டு ரோசாப்பூ,
ஒண்டு பாதி உரிஞ்சுபோச்சு.
மீளக்குடியேறேக்கை நிறுவனம் தந்த சாமானுக்கை
வாளி, மண்வெட்டி, நுளம்புவலையோட வந்தது.
தக்கை துலைஞ்சு கனகாலம்.
இப்ப சொப்பின்பை சுத்தின சோளப்பொத்திச் சக்கை.

பின்னேரம் நாலு மணிக்குத் தர்மினி
இஞ்சி தட்டிப் போட்டு
பிளேன்ரீ ஊத்தி நிறைச்சுத் தந்துபோட்டு
காமன்ற்ஸ் பஸ்ஸுக்கு ஓடுவாள்.
நான் வயலுக்கு.
முத்தையன்கட்டு வாய்க்கால் முடியிற இடத்தில
பாலைமரத்தில என்ர பரண்.

இரவு முழுக்க மிடறு மிடறாய்க் குடிப்பன்.
அரைக் கோப்பை மட்டும் தொடமாட்டன்.
விடிய ஆறுக்கு ஒட்டுசுட்டான் சந்தியில
அவள் இறங்க, மூடியில ஊத்திக் குடுப்பன்.
ஆவி வரும்.
"இன்னும் சுடுது" எண்டுவாள்
ஒவ்வொரு நாளும்,
முதல்நாள் சுட்டதை மறந்தவள் மாதிரி.
பிறகு அவள் நித்திரைக்கு.
நான் ஆற்றையும் கூலி வேலைக்கு.
ரெண்டு பேரும் ஓடாமல் நிண்டு முகம் பாக்கிறது
அவள் அதைக் குடிச்சு முடிக்குமட்டும்தான்.
ஊதி ஊதித்தான் குடிப்பாள்.

தை பிறந்து மூண்டாம் இரவு
தனியன் ஒண்டு வந்திது.
யானைவெடி பனியில நமுத்துப்போய்க் கிடந்தது.
ரோச் அடிச்சன். தகரம் தட்டினன்.
தெரிஞ்ச சாமியளையும் தெரியாத கெட்ட வார்த்தையளையும்
சேத்துக் கூப்பிட்டன்.
அது மரத்தில தோளை ஒருக்கா உரசிச்சுது.
அவ்வளவுதான்.
கீழ விழுந்தது நானில்லை.

வெளிச்சம் வர எடுத்துக் குலுக்கினன்.
உள்ளுக்கை சில்லறைக் காசுச் சத்தம்.
வெளியில ஒரு கீறல் இல்லை.
ரோசாப்பூ ஒண்டரையும் அப்பிடியே.

சந்தியில அவள் கையை நீட்டினாள்.
குலுக்கிக் காட்டினன்.
காதை வைச்சுக் கேட்டாள்.
பிறகு என்ர முழங்கையைத் திருப்பிப் பாத்தாள்.
கழுத்தைப் பாத்தாள்.
"நெல்லு?"
"கால் ஏக்கர்."
கொஞ்ச நேரம் ஒண்டும் சொல்லேல்லை.
"சம்பளம் வர ஸ்ரீலில ஒண்டு வாங்குவம்.
விழுந்தாலும் நெளியிறது மட்டும்தானாம்."

சம்பளத்துக்கு இன்னும் பதினொரு நாள்.

இண்டைக்குக் கோடியல் போத்தலில ஊத்தி
தன்ர சுவெற்றரால சுத்தித் தந்தவள்.
பஸ்ஸுக்குள்ள ஏசி குளிரும், தெரியும்.
வேண்டாமெண்டு சொல்லமுதல் ஓடிட்டாள்.

எட்டு மணிக்கு வெதுவெதுப்பு.
பத்துக்குப் பச்சைத்தண்ணி.
இஞ்சி மட்டும் உறைச்சுது.

அரைக் கோப்பை
வைச்சிருக்கிறன்.