கராகீனன் யார்?

வேதாளை டிப்போவில்
எடைச்சீட்டு எழுதுகிறவன் நான்.
கிலோ, ஈரம், கழிவு,
கையெழுத்து, இல்லையென்றால் கைநாட்டு.
மூட்டையில் ஒட்டும் தாளில் மட்டும்
அச்சடித்த ஒற்றைப் பேர்: கராகீனன்.

"யாருய்யா இந்தக் கராகீனன்?"
ஈரச்சேலை சொட்டச் சொட்டக் கேட்டாள் சவேரியாள்.
ன்-னில் முடிந்தால் ஆம்பளைதானே.
அன்றைக்கே அவனுக்கு உயிர் வந்துவிட்டது.

கிலோவுக்கு ரெண்டு ரூபாய் இறங்கினால்
அவன் கண்ணு அவிஞ்சு போகும்.
கச்சான் காற்றில் கயிறறுந்து
மூங்கில் மிதவை கரையேறினால்
அவன்தான் மூச்சு விட்டிருக்கிறான்.
மழைக்கு முந்தி முன்பணம் வந்த வருஷம்
"நல்லவன்தான், கொஞ்சம் குடிப்பான்" என்றார்கள்.
ரெண்டு பொண்டாட்டி என்று
ராக்கு சத்தியமே பண்ணினாள்.

பேர் வைப்பதில் இந்தக் கரை சளைத்ததில்லை.
பாறையில் பிடுங்குவது மரிக்கொழுந்து;
முகர்ந்து பாருங்கள், கவிச்சிதான் அடிக்கும்.
மிதவையில் கட்டி வளர்ப்பது பெப்சிப் பாசி.
கம்பெனி என்றைக்கோ போய்விட்டது,
பேர் மட்டும் நாற்பத்தைந்து நாளுக்கு ஒருதரம்
துளிர்த்துக்கொண்டிருக்கிறது.

மாதிரி எடுக்க வந்த ஆய்வகக்காரரிடம் கேட்டேன்.
"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்றார்.
ஜீப் ஏறும்போது சொன்னார்:
அயர்லாந்துப் பேச்சில் அது
சின்னப் பாறை.
பாறையில் முளைத்த பாசிக்குப் பாறையின் பேர்,
பாசியில் வடித்த பசைக்குப் பாசியின் பேர்,
வால் மட்டும் வேதியியல் ஒட்டியது.

மறுநாள் தராசடியில் சொன்னேன்.
"அப்ப ரெண்டு பொண்டாட்டி?" என்றாள் ராக்கு,
ஏமாந்த குரலில்.
சவேரியாள் பேசவில்லை.
விரலில் சுற்றிய துணிக்கிழிசலைப்
பல்லால் கடித்து அவிழ்த்தாள்.
"மிதவை வர்றதுக்கு முந்தி
பதினெட்டு வருஷம் பாறையோடதானே கெடந்தேன்.
தெரிஞ்சிருந்தா இம்புட்டு ஏசியிருக்க மாட்டேன்."

அவள் மூட்டையைக் கொட்டினேன்.
மணலில் உலர்த்திய பாசிக்குள்
முட்டையளவில் ஒரு கல்.
எடுத்துத் தனியே வைத்தேன், அதுதான் வேலை.

"அதையும் சேத்து நிறுய்யா.
பேருக்குச் சொந்தக்காரன் அவன்தானே."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்.
பிறகு எழுதினேன்:
கழிவு, முந்நூறு கிராம்.