பதினைந்தாவது டப்பா

கான்சுவின் மஞ்சள் மண் மேட்டில்
கோதுமை அறுத்த மறுநாள்
நிலத்தைத் துளைக்கப் போவேன்.
நிலையத்துப் பதிவேட்டில்: மூ யின்ஹுவா, தினக்கூலி.
துரப்பணத்தைத் திருகத் திருக
சாணுக்கு ஒரு பிடி மண்,
பிடிக்கு ஒரு டப்பா, டப்பாவுக்கு ஓர் எண்.
மூன்று மீட்டர் இறங்கினால் பதினைந்து.

ஈரத்தோடு ஓர் எடை.
இரவெல்லாம் அடுப்பில் வாட்டி இன்னோர் எடை.
குறைந்ததுதான் தண்ணீர்.
இல்லாமல் போனதை வைத்துத்தான்
இருந்ததைக் கணக்கெழுதுகிறோம்.

பதினோராம் பாத்திக்கு முப்பது வருடமாய்
எருவுமில்லை, யூரியாவுமில்லை.
கதிர் என் சுண்டுவிரலில் பாதி.
அடியிலோ, பிசைந்தால் உருண்டை பிடிக்கும் மண்.
குடிக்கத் திராணியற்றவன் வீட்டில்
குடம் நிறைந்தே கிடக்கிறது.

பக்கத்துப் பாத்தி
தொழுவுரம் யூரியா பாஸ்பேட் மூன்றையும் தின்றது.
மும்மடங்கு தானியம்.
இரண்டு மீட்டருக்குக் கீழே
துரப்பணம் வறுத்த மாவை ஏந்தி வந்தது.

எது நல்ல பாத்தி என்று
நிலையத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை.
வீட்டில் சாங்ஷுனும் கேட்கவில்லை, சொன்னான்:
"குதிரைமசாலை உழுதுவிடலாம்.
கழுதையையே விற்றாயிற்று, அது யாருக்கு?
கோதுமை போடுவோம்.
யூரியா இரண்டு மூட்டை கூடுதலாக."

பத்து வருடம் ஊதாப் பூவாய்ச் சிரித்தபடி
ஐந்து மீட்டர் வரை உறிஞ்சிய பயிர் அது.
தழைச்சத்தைத் தாராளமாய் விட்டுப்போகும்,
சோறு வடித்து வைத்துவிட்டு
குடத்தைத் தூக்கிக்கொண்டு போனவளைப் போல.

"முதலில் பட்டாணி" என்றேன்.
"அதன் வேர் ஒரு மீட்டரோடு திரும்பிவிடும்.
ஜூலை மழைக்கு நிலத்தைச் சும்மா போடு.
பிறகு கோதுமை, அப்புறம் பனிவரகு."
"பட்டாணி விற்றா
ஷிஆனில் மகளுக்குப் பணம் கட்டுவாய்?"
அதற்கு என்னிடம் டப்பா இல்லை.

எட்டு மூ நிலம். ஆளுக்கு நான்கு.
நடுவே வரப்புகூட இல்லை, ஒரு கயிறு.

அந்த வருடம் பார்த்து
வானம் அவன் பக்கம் சாய்ந்தது.
ஏப்ரலில் மழை, மே மாதம் மறுபடி மழை.
அவன் களத்தில் மூட்டைகள் என் தோளுக்கு மேல்.
என் பட்டாணி ஒரு மூலையில்,
விருந்துக்கு வந்த ஏழை உறவு.
பணம் கட்டினான். மீதியில் எனக்கு
ரப்பர் கையுறை வாங்கி வந்தான்,
துரப்பணம் கையைக் கிழிக்கிறதே என்று.

அந்தக் கையுறையோடுதான்
ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பாதியைத் துளைத்தேன்.
ஆறாவது டப்பாவிலிருந்தே மாவு.
பதினைந்து வரை மாவு.

என் பாதியில்
மேலே ஏழெட்டு டப்பா ஈரம்.
மறைப்பானேன், அதற்குக் கீழே என்னுடையதும் மாவுதான்.
பட்டாணி புதுக் கடன் வாங்கவில்லை, அவ்வளவே.
பழைய கடன் அப்படியே நிற்கிறது
குதிரைமசாலின் பெயரில்.

எண்களை அவனிடம் சொல்லவில்லை.
நூடுல்ஸ் கிண்ணத்தைத் துடைத்தபடி அவனே கேட்டான்:
"வரும் வருடம் என்ன போடலாம்?"

மேற்கே இடித்தது.
இருவரும் வாசலுக்கு வந்து பார்த்தோம்,
அவன் மேலே,
நான் கீழே.