கடல் தெரியாத அறை

வண்ணாரப்பேட்டையில் செருப்புக்கடைக்கு மேலே
இரண்டாவது மாடியில் டிராவல்ஸ்.
ஏசி எங்கள் பக்கம் வீசவில்லை.
சுவரில் நீலக் கவிகை வைத்த வெள்ளைக் கோயில்,
அதன் உச்சியில் நிஜப் பல்லி.

"மொத்தம் ஏழு பீச், மேடம்"
திரையை எங்கள் பக்கம் திருப்பினான் இசக்கியப்பன்.
"ஒண்ணுல கருப்பு மணல்,
ஒண்ணுல செவப்பு. வேற எங்கயும்..."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
நான் உவரிக்காரி.
கருப்பு மணலில்தான் நடை பழகினேன்.
சிவப்பு மணல் காலோடு வந்து
பாயில் ஏறும், சோற்றில் ஏறும்,
பல்லில் நெறுநெறுக்கும்.
ஒரு காலத்தில் லாரி லாரியாய் அள்ளிப் போனார்கள்.
அதற்குள் என்ன இருந்தது என்று
எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.
அதைப் பார்க்க ஆளுக்கு இரண்டரை லட்சமா?

"பீச்ச விட்டா வேற என்ன இருக்கு, தம்பி?"

உருட்டினான்.
மலைமேல் ஊர், ஐந்நூற்றுச் சொச்சம் படி,
கழுதையில் ஏறலாமாம்.
மாட்டேன். கழுதைக்கும் எனக்கும் ஒரே முட்டி.
எரிமலைச் சாம்பல் மூடிய பழைய ஊர்,
தோண்டி எடுத்துக் கூரை போட்டிருக்கிறார்கள்.
ஆதிச்சநல்லூரில் தாழிக்கு மேல் கண்ணாடி போட்டிருக்கிறதாம்,
அதையே இன்னும் பார்க்கவில்லை,
பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.
சூரியன் விழுவதைப் பார்க்கக் கூட்டம் கூடிக் கைதட்டுமாம்.
எங்கள் ஊரில் அது கடலில் எழும்,
உடைமரத்துக்குப் பின்னால் போய் விழும்,
ஒருவரும் தட்டியதில்லை.

திராட்சைக்கொடியைக் கூடை போல முடைந்து
தரையிலேயே வளர்க்கிறார்கள் என்றான்,
காற்றுக்குப் பயந்து.
அதை எழுதிக்கோ என்றேன்.
குனிந்து காய்க்கிற அந்தச் செடியைப் பார்க்கணும்.

பிறகு நான் கேட்டேன்:
அங்க கருவாடு எங்க காயப் போடுதாங்க?
ஆள் செத்தா கோயில்மணி எத்தன அடி?
வலை பொத்துறது ஆம்பளையா பொம்பளையா?
கெணத்துத் தண்ணி உப்பா?
பாவம், தேடித்தான் பார்த்தான்.
அதற்கெல்லாம் யாரும் ஸ்டார் போட்டு வைக்கவில்லை.

இவர் அதுவரை வாயே திறக்கவில்லை.
இருபத்தெட்டு வருஷம் கப்பலில், இன்ஜின் அறையில்.
கிரேக்க முதலாளி கப்பல் மட்டும் மூன்று.
பிரேயஸ் துறைமுகத்துக்கு ஒன்பது தடவை.
ஒன்பது தடவையும் பார்த்தது
கிரேன், கேட், டெலிபோன் பூத்.
பூத்துக்குள் நின்று "நல்லாருக்கியா" என்பார்.
"நல்லாருக்கேன்" என்பேன்.
மிச்சத்தைக் கார்டு தின்றுவிடும்.

"கேட்டுக்கு வெளிய ஒரு ரோடு மேட்டுல ஏறும்" என்றார் இப்போது.
"ஒரு எலுமிச்ச மரம் நிக்கும்.
அதுக்கு அங்கிட்டு வளஞ்சிரும்.
வளைவுக்குப் பெறகு என்னன்னு தெரியல."

"அது தீவு இல்ல சார். ஏதென்ஸ் பக்கம்."

"தீவுலயும் மேடு இருக்கும்லா?
கடல் கண்ணுல படாத எடம் வரைக்கும்
ஏறிப் பாக்கணும்."

இசக்கியப்பன் என்னைப் பார்த்தான்.
நான் பல்லியைப் பார்த்தேன்.

கடல் தெரியும் அறை ராத்திரிக்கு இருபத்திரண்டாயிரம்.
தெரியாத அறை ஒன்பது,
ஜன்னலைத் திறந்தால் பேக்கரிச் சுவராம்.
"தெரியாதது" என்றோம்
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.
முன்னெல்லாம் ஒரே நேரத்தில் பேசியது போனில்தான்,
அப்போது யார் சொன்னதும் யாருக்கும் கேட்டதில்லை.

முன்பணம் எண்ணிக் கொடுத்தார்.
ரசீதில் ரெமிஜியுஸ் என்பதைத் தப்பாக அடித்து,
திருத்தி, மறுபடி தப்பாக அடித்தான்.

"ஒரு நாள் பீச் பேக்கேஜோட சேர்த்தி, மேடம்.
கழிக்க முடியாது."

"கெடக்கட்டும்" என்றேன்.
"கடைசி நாள்ல போடு.
செருப்பு கழுவ ஆகும்."