மாரோ தோளோ

இரவு முழுக்க மஞ்சள் விளக்கின் கீழ்
சில்லுகளில் கீறல் தேடிய கண்ணோடு
தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்குகிறேன்.
ஆறு முப்பத்தைந்து.
பினாங்கில் ஏழுக்கு முன்னால் விடிவதில்லை.
படகுத்துறை விளக்குகள் இன்னும் நேற்றையவை.

நாகேந்திரா நிற்கிறார்,
ஒரு கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஓ,
கக்கத்தில் ஆறாம் படிவத்து விடைத்தாள் கட்டு.
எங்களுக்குப் பதினைந்து நிமிடம்.
அவர் வரிசையில் நிற்கிற நேரம் போனால்
பதினொன்று.

"குட் மாரோ" என்றார்,
இன்று புதிதாய்.

மாரோ தோளோ என்றேன்.
தூக்கக் கலக்கத்தில் எனக்குத்
தமிழ்தான் முதலில் வரும்.

சிரித்தார், தேநீர் தளும்பியது.
எப்போதோ ஒரு காலத்து வெள்ளைக்காரர்கள்
விடிந்ததும் சொல்லிக்கொண்டதாம்.
சந்தையில், சத்திரத்தில்,
கடன் கேட்க வந்தவனிடம்கூட.
பிறகு எவனோ அதைத் தெருவிலிருந்து எடுத்துவந்து
பக்கத்தில் படுத்திருந்தவளிடம் சொல்லிவிட்டான்.
அதற்கப்புறம் அது கவிதைச் சொல்.

மாரோ என்றால் காலை.
மாரோ என்றால் நாளையும்.

அதைத்தான் தேர்வில் கேட்டிருக்கிறார்.
ஹரிணேஷ் என்றொரு பையன்
ஓர் எழுத்தை மாற்றிப் போட்டு,
காதலர்கள் கண் விழித்ததும்
ஒருவர் எலும்பு மச்சையை ஒருவர் வாழ்த்தினார்கள் என்று
ஒன்றரைப் பக்கம் எழுதிவைத்திருக்கிறான்.
சூப் தூலாங்கை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற ஊர்.
பிள்ளையை என்ன சொல்ல?

"மார்க்கு?"
"அஞ்சுக்கு ஒண்ணு."
"எதுக்கு அந்த ஒண்ணு?"
பதில் இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்து
தேநீர்ப் பையைத் தொங்கவிட்டார்.
சூடு உள்ளே, எலும்பு வரைக்கும்.

நானும் இலக்கியம் எடுத்தவள்தான், ஐந்தாம் படிவத்தில்.
மருதத்துக்குச் சிறுபொழுது வைகறை.
இரவெல்லாம் எங்கோ இருந்துவிட்டு வருகிறான் அவன்,
கதவைத் திறக்கமாட்டேன் என்கிறாள் இவள்.
விடியலை நம் ஆட்கள் ஊடலுக்கு ஒதுக்கினார்கள்.
யாரும் யாருக்கும் வணக்கம் சொன்னதாய்
எனக்கு ஞாபகமில்லை.

இங்கே இரவெல்லாம் எங்கோ இருந்துவிட்டு
வருகிறவள் நான்.
முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியவர்
பையின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்.

என் உடம்பில் இன்னும் செவ்வாய்க்கிழமை.
சாப்பாட்டு டப்பாவில் செவ்வாயின் சம்பால் வாசம்.
அவர் சட்டையில் புதனை இஸ்திரி போட்டாயிற்று.
இரண்டு பேருக்கும் பொதுவாய் ஒரு நாள்
அமையாத கல்யாணத்துக்கு,
காலையும் நாளையும் சேர்ந்து கிடக்கிற சொல்லை
நல்ல மீன் கிடைத்ததுபோல்
எங்கிருந்தோ வாங்கி வந்திருக்கிறார்.

வரிசை நகர்ந்தது.
"லீவு எப்ப?"
"நாளைக்கு."
"என் நாளைக்கா, உன் நாளைக்கா?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். வரவில்லை.
அதற்குள் படகு ஊதிவிட்டது.

பட்டர்வொர்த் பாரந்தூக்கிகளுக்குப் பின்னால்
மெல்லிதாய் ஒரு சாம்பல் கோடு.
இந்தத் தீவுக்கு விடியல் அங்கிருந்துதான் வர வேண்டும்.
விடைத்தாளைத் தலைக்கு மேல் அசைத்துக்கொண்டு
அவர் அதற்குள் போகிறார்.
நான் முதுகைக் காட்டி நடக்கிறேன்,
அது என் திரைச்சீலையை எட்டுவதற்குள்
தூங்கிவிட.

கையில் பாதித் தேநீர்.
பக்கத்தில் ஆளில்லாமல்
ஒருதரம் சொல்லிப் பார்க்கிறேன்.
மாரோ.
பெருக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து
"பாகி" என்கிறார்.